டிஜிட்டல் அன்ரனா எண்டு ஒண்டு இல்லை

முதலில் இதைச் சொல்லிப்போட்டுத்தான் மற்றக் கதை. டிஜிட்டல் அன்ரனா எண்டு ஒரு சாமான் உலகத்தில இல்லை. "எச்டி அன்ரனா", "4கே அன்ரனா", "8கே ரெடி" எண்டு பெட்டியில அச்சடிச்சு விக்கிற எல்லாம் ஒரே சாமான்தான்: அலுமினியக் குழாய், கொஞ்சம் பிளாஸ்ரிக், ஒரு துண்டு வயர். அன்ரனாவுக்கு அனலொக்கும் தெரியாது, டிஜிட்டலும் தெரியாது. காற்றில வாற மின்காந்த அலை அந்தக் குழாயில பட்டு சின்ன மின்னோட்டத்தை உண்டாக்கும். அதை வயர் வழியா கீழ இறக்கிறதோட அதின்ர வேலை முடிஞ்சுது. அந்த அலைக்குள்ள என்ன எழுதியிருக்கு எண்டு வாசிக்கிறது ரீவிக்குள்ள இருக்கிற ரியூனர். அலை எந்த அலைவரிசையில வருது, எந்தப் பக்கத்தில இருந்து வருது, எவ்வளவு தூரத்தில இருந்து வருது, இந்த மூண்டும்தான் அன்ரனாவுக்குப் பிரச்சினை. 4கே எண்டது அதுக்குக் காது கேளாத பாஷை.

ஆனா யாழ்ப்பாணத்தில ஒரு கடையில எங்களுக்குச் சொல்லப்பட்டது வேற. "தம்பியவை, இனி எல்லாம் டிஜிட்டல்தான் வரப்போகுது. வீட்டில இருக்கிற மீன்முள்ளைக் கழட்டி எறிஞ்சுபோட்டு இதைப் போடுங்கோ." கையில தந்தது உள்ளங்கை அளவு தட்டை. பின்பக்கம் ஒட்டுறதுக்கு ஸ்ரிக்கர். பெட்டியில 300 கிலோமீற்றர் எண்டு எழுதியிருந்தது. நாங்கள் வாங்கேல்லை. ஆனா நாங்கள் நிண்ட அரை மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு பேர் வாங்கிக்கொண்டு போச்சினம். ஒரு ஐயா சைக்கிளில வந்தவர், சாமான் பையுக்குள்ள கவனமா வைச்சுக்கொண்டு போனார். அவருக்கு அந்தப் பெட்டி செய்யப்போறது ஒண்டுமில்லை.

இது ஒரு கடையின்ர பிரச்சினை எண்டு முடிச்சுவிட ஏலாது. அந்தக் கடைக்காரர் மொத்த வியாபாரி சொன்னதைத் திருப்பிச் சொல்லுறார். சரியான தகவலைத் தமிழில சொல்லவேண்டிய ஆக்கள் பத்து வருசத்துக்கு மேல வாய் திறக்காத இடத்தில ஸ்ரிக்கர்தான் பேசும்.

சரி, "இந்தக் காலத்தில ஆர் அன்ரனாவில ரீவி பாக்கினம்?" எண்டு கேக்கிற ஆக்கள் எங்கட வகுப்பிலயே இருக்கினம். போன் இருக்கு, யூடியூப் இருக்கு, கேபிள் இருக்கு, டிஷ் இருக்கு. கேள்வி நியாயம் மாதிரித் தெரியும். ஆனா கேக்கிறவை ஆர் எண்டும் பாருங்கோ. மாசம் மாசம் டேற்றா போடக் காசு இருக்கிறவை. கேபிள் கட்டணத்தை அப்பா கட்டுற வீட்டில இருக்கிறவை. ஒரு கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபா எண்டு வைச்சுக்கொண்டாலும் வருசத்துக்கு 12,000 ரூபா. பத்து வருசத்தில ஒரு லட்சத்து இருபதாயிரம். இதைக் கட்டி நாங்கள் பாக்கிற சனல்களில ரூபவாஹினி, நேத்ரா, ஐரிஎன், வசந்தம், சக்தி எல்லாம் காற்றில இலவசமாய் விடப்படுறவை. எங்கட கூரைக்கு மேலால போய்க்கொண்டிருக்கிற ஒண்டை, ஒரு கம்பி வழியாக் கீழ இறக்கித் தாறதுக்கு வாடகை கட்டுறம். கிணத்தடியில நிண்டுகொண்டு போத்தல் தண்ணி வாங்குற மாதிரி.

யூடியூபை விடுங்கோ, அது வேற சங்கதி. ஒளிபரப்பு எண்டதுக்கு ஒரு தனிக்குணம் இருக்கு. ஒரு கோபுரம் ஒருக்கா விடும். கீழ பத்துப் பேர் பாத்தாலும் பத்து லட்சம் பேர் பாத்தாலும் அதுக்கு ஒண்டுதான். நெரிசல் வராது, சுத்தாது, டேற்றா முடியாது. நீங்கள் என்ன பாக்கிறீங்கள் எண்டு எந்தக் கொம்பனியும் குறிச்சு வைக்காது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தபோது மலையகத்தில பல இடங்களில கரண்டும் இல்லை, போன் சிக்னலும் இல்லை எண்டு ஆன நாட்களை நினைச்சுப் பாருங்கோ. ஒரு பிரதேசத்தில நூறு போன் கோபுரம் விழுந்தாலும் தூரத்தில உயரத்தில நிக்கிற ஒரு ஒளிபரப்புக் கோபுரம் வேலை செய்தா, கார் பற்றறியில ஓடுற ஒரு சின்ன ரீவிக்குச் செய்தி வரும். 90களின் முதற்பாதியில கரண்டும் இல்லாமல், பற்றறியும் வராமல் சைக்கிள் டைனமோவைச் சுத்திச் செய்தி கேட்ட ஊர் இது. இதை எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அன்ரனாவுக்கும் எங்கட ஊருக்கும் உள்ள உறவும் கொஞ்சம் பழசு. இலங்கையில ரீவி 1979 ஏப்ரலில ஐரிஎன் உடன தொடங்கினது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில, யப்பானின்ர உதவியோட. ஆனா யாழ்ப்பாணக் கூரைகளில ஏறின உயரமான பைப்புகள் கன இடங்களில கொழும்பைப் பாக்கேல்லை. அவை மேற்குப் பக்கம் பாத்தது. கொடைக்கானல் தூரதர்ஷன், பிறகு ராமேஸ்வரம். எங்கட அம்மாமார் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பாத்த கதை எல்லாம் அந்தப் பைப்புகளின்ர கதை. ராமேஸ்வரக் கோபுரம் 323 மீற்றர். அங்க இருந்து யாழ்ப்பாண நகரம் கடலுக்கு மேலால நேர்கோட்டில 90 கிலோமீற்றர் மட்டில. கொடைக்கானல் அதைவிட மூண்டு மடங்கு தூரம், ஆனா மலை உச்சி. அதோட சூடான அமைதியான நாட்களில கடலுக்கு மேல இருக்கிற காற்றுப் படை அலையை வளைச்சு பூமியோட ஒட்டிக்கொண்டு போகப் பண்ணும். அதுதான் சில பின்னேரங்களில கண்ணாடி மாதிரிப் படம், அடுத்த நாள் எறும்பு ஓடுற படம்.

ஆக எங்கட முந்தின தலைமுறை அன்ரனா எண்டா என்ன எண்டு கையால அறிஞ்ச தலைமுறை. ஒராள் கூரையில, ஒராள் வாசலில, ஒராள் ரீவிக்கு முன்னால. "இப்ப சரியோ?" "இன்னும் கொஞ்சம்... நிப்பாட்டு நிப்பாட்டு!" பௌதிகம் படிக்காமலே திசையும் உயரமும் அவைக்குத் தெரியும். அந்த அறிவைத் தூக்கி எறிஞ்சுபோட்டு யன்னல் கண்ணாடியில ஒட்டுற தட்டையை வாங்குங்கோ எண்டு சொல்லுறதுதான் எங்களுக்குக் கோபம்.

அந்த 300 கிலோமீற்றர் புளுகை ஒரு சின்னக் கணக்கால உடைக்கலாம். கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கும் ஏலும், பயப்பிடாதேங்கோ. ரீவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில போகும், பூமி உருண்டை. ஆகவே கோபுரத்தின்ர உயரத்துக்கு வர்க்கமூலம் எடுங்கோ, உங்கட அன்ரனாவின்ர உயரத்துக்கும் எடுங்கோ (ரெண்டும் மீற்றரில), ரெண்டையும் கூட்டி 4.12 ஆல பெருக்குங்கோ. வாறது கிலோமீற்றரில உங்கட எல்லை. கொழும்புத் தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர். 10 மீற்றர் பைப்பில அன்ரனா வைச்சா எல்லை 90 கிலோமீற்றர். கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில 300. அதாவது அந்தக் கோபுரம் எங்களுக்கு ரீவி தரேலாது. ரிக்கற் எடுத்து ஏறிப் படம்தான் எடுக்கலாம். ஒளிபரப்புக்கெண்டு கடன் எடுத்துக் கட்டி, 2022 செப்டெம்பரில பொதுமக்களுக்குத் திறந்து, உல்லாசப் பயண இடமாப் பிரபலமான கோபுரம் அது.

எங்களுக்கு உரியது கொக்காவில். 1990 இல யுத்தத்தில அழிஞ்ச கோபுரம், 2011 ஜூனில 174 மீற்றர் உயரத்தில திரும்பக் கட்டித் திறந்தது. யாழ்ப்பாண நகரத்துக்கு நேர்கோட்டில 60 கிலோமீற்றர் சொச்சம். கோபுரத்தின்ர உச்சியில இருந்து விடுறதாகவும், மரம், நிலமட்டம் எல்லாத்தையும் மறந்துபோட்டும் கணக்குப் பாத்தா: உங்கட அன்ரனா 3 மீற்றரில இருந்தா எல்லை 61 கிலோமீற்றர், 10 மீற்றரில 67, 12 மீற்றரில 68க்கும் கொஞ்சம் மேல. பருத்தித்துறைப் பக்கம் கோபுரத்தில இருந்து 64 மட்டில வரும். பாத்தீங்களோ, நாங்கள் விளிம்பில இருக்கிறம். விளிம்பில இருக்கிறவனுக்கு நாலு மீற்றர் பைப் எண்டது படம் வாறதுக்கும் வராததுக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுக்குள்ள ஒட்டுற தட்டை அன்ரனா கோபுரத்துக்குப் பக்கத்தில, மாடிவீட்டில, கொழும்பில இருக்கிறவைக்கு வேலை செய்யும். கொழும்புக்காரரின்ர சாமானை எங்களுக்கு விக்கினம், வழக்கம்போல.

இனி எதை வாங்குறது எண்டதுக்கு வருவம். மீன்முள்ளு அன்ரனாவுக்குப் புத்தகப் பெயர் யாகி-உடா. 1926 இல யப்பானின்ர தொஹோக்கு பல்கலைக்கழகத்தில யாகியும் உடாவும் கண்டுபிடிச்சது. நூறு வருசமாச்சு, கூரைக்கு மேல தூரத்துச் சிக்னலைப் பிடிக்க இண்டைக்கும் அதுதான். பின்னால ஒரு நீளக்குழாய், நடுவில வயர் பூட்டுற குழாய், முன்னால சின்னச் சின்னதா வரிசை. சின்னக் குழாய் இருக்கிற பக்கம் கோபுரத்தைப் பாக்கவேணும். முள்ளு கூடக்கூட ஒரு திசையில கூர்மையாக் கேக்கும், மற்றத் திசையில செவிடு. ஆகவே ஒரே பக்கத்தில இருந்து எல்லாம் வாற ஊருக்கு முள்ளுக் கூடினது நல்லம்; ரெண்டு மூண்டு பக்கத்தில இருந்து வாற ஊருக்கு முள்ளுக் குறைஞ்சது நல்லம். இருபது முள்ளு இருக்கு எண்டு மட்டும் பாத்து வாங்குறது, காது பெரிசா இருக்கு எண்டு மாட்டை வாங்குறமாதிரி.

முள்ளின்ர நீளம்தான் முக்கியம். குழாயின்ர நீளம் அலைநீளத்தில பாதிக்குக் கிட்ட இருக்கவேணும். விஎச்எஃப் மேல்பட்டையில, அதாவது 174 இலிருந்து 230 மெகாஹேர்ட்ஸ் வரை, அது 65 இலிருந்து 86 சென்ரிமீற்றர் வரை வரும். யூஎச்எஃப் 470 இல 32 சென்ரிமீற்றர், 700 இல 21. கடைக்குப் போகேக்க அடிமட்டம் ஒண்டைப் பையுக்குள்ள கொண்டுபோங்கோ, உண்மையாத்தான் சொல்லுறம். முள்ளு எல்லாம் ஒரு சாண் ரெண்டு சாணா இருந்தா அது யூஎச்எஃப். கை நீளத்தில இருந்தா விஎச்எஃப். ரெண்டும் கலந்திருந்தா ரெண்டுக்கும். பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் அடிமட்டம் பொய் சொல்லாது. உலகத்தில தரைவழி டிஜிட்டலுக்குப் போன நாடுகளில பெரும்பாலும் அது யூஎச்எஃப் பட்டையிலதான் இருக்கு. ஆகவே இப்ப உங்கட கூரையில நல்ல நிலையில ஒரு யூஎச்எஃப் யாகி இருந்தா, நாளைக்கு டிஜிட்டல் வந்தாலும் அது காணும். கழட்டி எறியாதேங்கோ. உப்புக்காத்து அடிக்கிற கரையோர வீடுகளில பூட்டின ஆணியும் வயர் பூட்டுற பெட்டியும்தான் முதல் துருப்பிடிக்கும். அதை மட்டும் மாத்தினாலே பாதிச் சனல் திரும்பி வரும்.

பூஸ்டர்தான் எங்கட ஊரின்ர பெரிய மூடநம்பிக்கை. படம் தெளிவில்லையா, பூஸ்டர் போடு. இன்னும் தெளிவில்லையா, பெரிய பூஸ்டர். பூஸ்டர் சிக்னலை உண்டாக்காது. வாறதைப் பெரிசாக்கும், அதோட சேந்து வாற இரைச்சலையும் பெரிசாக்கும், தன்ர பங்குக்குக் கொஞ்ச இரைச்சலையும் சேக்கும். அதுக்கு ஒரேயொரு நியாயமான வேலை, நீள வயரில வாற இழப்பை ஈடுகட்டுறது. 30 மீற்றர் வயர் ஓடினால் யூஎச்எஃப் சிக்னலில பாதிக்கு மேல வயருக்குள்ளயே போயிடும். ஆகவே பூஸ்டர் இருக்கவேண்டிய இடம் பைப்பின்ர உச்சி, அன்ரனாவுக்குப் பக்கத்தில. எங்கட வீடுகளில அது இருக்கிறது ரீவிக்குப் பின்னால, தூசிக்குள்ள. வயருக்குள்ள துலைஞ்சு போனதுக்குப் பிறகு மிச்சத்தைப் பெரிசாக்கி என்ன பயன்? ஆர்ஜி-6 எண்டு அச்சடிச்ச 75 ஓம் வயர் நல்லதா வாங்கி, ஒட்டு இல்லாமல் ஒரே துண்டா இறக்கினால் கன வீட்டுக்குப் பூஸ்டரே தேவைப்படாது. பைப்புக்கு எர்த் போடுங்கோ, ஐப்பசி கார்த்திகை இடி எங்கட ஊரில விளையாட்டில்லை.

டிஜிட்டல் வந்தா ஒண்டு மாறும். அனலொக்கில சிக்னல் குறையக் குறையப் படம் மெல்ல மெல்லக் கெடும். புள்ளி விழும், நிழல் விழும், ஆனா செய்தி வாசிக்கிறவரின்ர குரல் கேக்கும். டிஜிட்டலில அந்த இடைநிலை இல்லை. ஒரு மட்டத்துக்கு மேல வெட்டுத்தெளிவு. அதுக்குக் கீழ சதுரம் சதுரமா உடைஞ்சு கறுப்பு. விளிம்பில இருக்கிற ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. இண்டைக்குப் புள்ளியோட எண்டாலும் பாக்கிற வீடு நாளைக்கு ஒண்டுமே பாக்காத வீடாகலாம். மலையகத்தில இன்னும் மோசம். 2,524 மீற்றர் பிதுருதலாகல மலை பக்கத்தில இருந்தாலும் இடையில ஒரு மலைமுகடு மறைச்சா லயத்துக்கு சிக்னல் இல்லை. லயன் கூரைகளில வரிசையா டிஷ் நிக்கிறதைப் பாத்து "சம்பளம் காணாது எண்டினம், டிஷ் மட்டும் இருக்கு" எண்டு நக்கலடிக்கிற ஆக்களை எங்களுக்குத் தெரியும். பள்ளத்தாக்குக்கு ஒரு நிரப்பு ட்ரான்ஸ்மிற்றர் வைக்காத நாட்டில டிஷ் ஆடம்பரமில்லை, தண்டம்.

இப்ப உண்மையான குற்றவாளியிட்ட வருவம். இலங்கை முதலில ஐரோப்பிய முறையான டிவிபி-ரி2 பக்கம் போகப் பாத்தது. 2014 இல திரும்பி யப்பானிய முறையான ஐஎஸ்டிபி-ரியைத் தெரிவு செய்தது. அதே வருசம் செப்டெம்பரில யப்பானோட கடன் ஒப்பந்தம், சுமார் 1,370 கோடி யென். அதுக்குப் பிறகு எத்தனை ஆட்சி மாறிச்சு, எத்தனை அமைச்சர் மாறிச்சினம். யப்பான் தன்ர அனலொக்கை 2011-12 இலயே மூடி முடிச்சுது. இந்தியாவில தூரதர்ஷன் தன்ர அனலொக் நிலையங்களில பெரும்பாலானதை 2022 க்குள்ள நிப்பாட்டிச்சு. நாங்கள் இதை எழுதுற நேரம் வரைக்கும் எங்கட கூரைக்கு முழுமையான தரைவழி டிஜிட்டல் சேவை வரேல்லை.

வராததைவிட மோசம், வாறதா வராதா எண்டு சனத்துக்குச் சொல்லாமல் விட்டது. இந்தப் பத்து வருசத்துக்குள்ள எத்தனை வீட்டில புது ரீவி வாங்கியிருப்பினம்? "டிஜிட்டல் ரியூனர் உள்ளது" எண்டு பெட்டியில இருக்கும். எந்த டிஜிட்டல்? பக்கத்து நாடு டிவிபி-ரி2. எங்கட நாடு தெரிவு செய்தது ஐஎஸ்டிபி-ரி. ஒண்டின்ர ரியூனர் மற்றதை வாசிக்காது. தமிழ் தெரிஞ்சவனிட்டச் சீனப் பேப்பரைக் குடுத்தமாதிரி. ஆகவே நாளைக்கு டிஜிட்டல் தொடங்கினா பிழைக்கப்போறது அன்ரனா இல்லை, ரீவி. அதுக்கு வேறயா ஒரு செற்-டொப் பெட்டி வாங்கவேணும். அரசாங்கம் ஒரு முறையைத் தெரிவு செய்தால், அந்த முறை இல்லாத ரீவியை "டிஜிட்டல்" எண்டு பேர் போட்டு விக்கவிடக்கூடாது எண்டு ஒரு வரி விதி போதும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு எண்டு ஒண்டு 90களில இருந்து இருக்கு. கொண்டுவாற போனுக்கு அனுமதி கேக்கத் தெரிஞ்ச இடத்துக்கு ரீவிப் பெட்டியின்ர ஸ்ரிக்கர் தெரியாமல் போனது எப்பிடி?

ஐஎஸ்டிபி-ரியில எங்களுக்குப் பிடிச்ச ரெண்டு விஷயம் இருக்கு, அதையும் சொல்லவேணும். அனர்த்த நேரத்தில ஒளிபரப்போட சேத்து ஒரு எச்சரிக்கைச் சிக்னல் அனுப்பலாம். அதுக்கு ஏத்த பெட்டி இருந்தா, அணைச்சு வைச்சிருக்கிற ரீவியையே அது எழுப்பும். மற்றது, ஒரு சனலை 13 துண்டாப் பிரிச்சு ஒரு துண்டைக் கைபேசி மாதிரிச் சின்னத் திரைகளுக்கு ஒதுக்கலாம், டேற்றா இல்லாமல். 2004 மார்கழியில கடல் வந்த கரையில, முல்லைத்தீவில, மருதமுனையில, இது என்ன பெறுமதி எண்டு யோசியுங்கோ. கன வீடு இப்ப பாக்கிறது இந்தியாவில இருந்து வந்த டிஷ் பெட்டி. சென்னைச் செய்தியில எங்கட கடற்கரைக்கு எச்சரிக்கை வராது. நாகபட்டினத்துக்கு எத்தனையாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கு எண்டு எங்களுக்குத் தெரியும், வடமராட்சிக் கிழக்குக்கு என்ன நிலை எண்டு தெரியாது.

இன்னொரு காரணமும் இருக்கு, தமிழ்ப் பெடிபெட்டையளா நாங்கள் இதில ஏன் குரல் எழுப்பவேணும் எண்டதுக்கு. அனலொக்கில ஒரு அலைவரிசைக்கு ஒரு சனல்தான். அதனால அரச ரீவியில தமிழ் எப்பவும் இடம் கேட்டு நிண்டது. நேத்ராவும் சனல் ஐயும் ஒரே அலைவரிசையை நேரம் பிரிச்சுப் பாவிச்ச வரலாறு உங்களுக்குத் தெரியும். நேரம் பிரிக்கிற இடத்தில முழுநாள் கிரிக்கெட் மட்ச் ஒண்டு வந்தா ஆற்ற நேரம் சுருங்கும் எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. டிஜிட்டலில ஒரே அலைவரிசைக்குள்ள பல சனல் போகும். "அலைவரிசை இல்லை" எண்ட சாட்டு அண்டையோட செத்துப்போகும். கிழக்குக்கு ஒண்டு, மலையகத்துக்கு ஒண்டு, பிள்ளையளுக்குத் தமிழில ஒண்டு, ஏன் ஏலாது? காசும் மனமும் வேணும், அலைவரிசை ஒரு தடையா இருக்காது. பிந்தப் பிந்த அந்தச் சாட்டுக்கு ஆயுள் கூடும்.

1997 இல ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்துக்கு எதிரான வழக்கில, அலைவரிசைகள் பொதுமக்களின்ர சொத்து எண்டு உயர் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டிருக்கு. எங்கட சொத்து எண்டா எங்களுக்குக் கணக்குக் காட்டவேணும். எந்தக் கோபுரத்தில இருந்து, எந்த அலைவரிசையில, எந்த ஊர் வரைக்கும் வரும் எண்டு பிரதேச செயலகத்துச் சுவரில ஒட்டக்கூடிய ஒரு வரைபடம், தமிழிலயும். எந்தத் திகதியில அனலொக் நிக்கும் எண்டு, குறைஞ்சது ரெண்டு வருசத்துக்கு முதல். அஸ்வெசும எடுக்கிற குடும்பங்களுக்கு செற்-டொப் பெட்டி இலவசமா. டிஜிட்டலுக்குப் பிறகு மிச்சமாகிற அலைவரிசையைப் போன் கொம்பனிகளுக்கு விக்கப்போகினம் எண்டது எங்களுக்குத் தெரியும், பல நாடுகளில அதுதான் நடந்தது. அந்தக் காசில இருந்து இதைக் குடுக்கலாம். பிச்சை கேக்கேல்லை.

அதுவரைக்கும், இந்தக் கிழமை வீட்டுக்குப் போறவை ஒரு வேலை செய்யுங்கோ. கூரையில நிக்கிற அன்ரனா எந்தப் பக்கம் பாக்குது, முள்ளு எத்தனை சென்ரிமீற்றர், வயரில எத்தனை ஒட்டு எண்டு பாருங்கோ. ரீவிக்குப் பின்னால இருக்கிற ஸ்ரிக்கரிலயோ கூட வந்த புத்தகத்திலயோ ரியூனர் எண்ட இடத்தில என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ. அப்பப்பா இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கோ, கொடைக்கானலுக்கு எந்தப் பக்கம் திருப்பினவர் எண்டு கையை நீட்டிக் காட்டுவார். கொக்காவில் அதுக்குக் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம், தென்கிழக்கால. பைப்பைத் திருப்ப ரெண்டு பேர் வேணும், தனிய ஏறாதேங்கோ.